மலையில் எறிவது இரண்டு கடலுக்கும் போகிறது

கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாக வருகிறது. பாம்பாறு இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தலூர் பக்கத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, சின்னாறு காட்டைக் கடந்து அமராவதி அணைக்கு வந்து சேர்கிறது. இரண்டுமே கடைசியில் காவிரியில் கலக்கின்றன. காவிரி போய்ச் சேரும் இடம் பூம்புகார்.

அதே இடுக்கியில், மூணாறு ஊருக்குள்ளேயே கூடுகின்ற நல்லதண்ணி, குண்டளை, கன்னிமலை ஆறுகள் முதிரப்புழையாகிப் பெரியாற்றில் கலந்து மேற்குக் கடலுக்குப் போகின்றன. மூணாறிலிருந்து மறையூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் அந்தச் சாலையில் ஓரிடத்தில் நீர்பிரிமேடு வருகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் காரிலிருந்து வீசிய சிப்ஸ் கவர் மழைக்கு அரபிக்கடலை நோக்கிப் புறப்படும். பத்து நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வீசிய தண்ணீர் பாட்டில் வங்கக் கடலை நோக்கிப் புறப்படும். வீசியவர் ஒருவரே.

எதிர்த்திசையிலும் நிலைமை இதுதான். ஆழியாறு தமிழகத்து மலையில் பிறந்து, ஆனைமலை, அம்பராம்பாளையம் வழியாக மணக்கடவைத் தாண்டிச் சித்தூர்ப்புழையாகிறது. பிறகு அது பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்தாக வேண்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் கன அடிக் கணக்கில் அதைச் சரிபார்க்கிறார்கள்; குறைந்தால் சித்தூரில் விவசாயிகள் சாலைக்கு வருகிறார்கள். அந்தத் தண்ணீரோடு பொள்ளாச்சிப் பக்கத்துக் கேரி பேக்கும் குளிர்பான பாட்டிலும் எவ்வளவு போகின்றன என்று கணக்கெடுக்க ஒப்பந்தத்தில் இடமில்லை.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசும்போது நம் கண்ணுக்குக் கடற்கரைதான் தெரிகிறது. மெரினாவில் மாணவர்கள் சாக்குப் பையோடு குப்பை பொறுக்குகிறார்கள். படம் எடுக்கிறோம், பாராட்டுகிறோம். அது தேவையான வேலைதான். ஆனால், கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு நிலத்திலிருந்து போகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ஆறுகள். 2021-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, உலகின் ஆறுகள் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுகின்றன என்றும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் சேர்ந்துதான் அதில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோகின்றன என்றும் மதிப்பிட்டது. நகரங்களை ஒட்டி ஓடும் சிறிய ஆறுகளே இதில் அதிகம். எனவே பாலக்காடு, இடுக்கி எல்லையில் வாழ்கிறவர்களுக்கும், அங்கே சுற்றுலா போகிற நமக்கும் கடல் தூரத்து விஷயம் இல்லை.

மலையில் எறிந்த பாட்டில் மறுநாளே கடலில் மிதக்கும் என்று சொல்ல வரவில்லை. பாதிக்குமேல் வழியிலேயே தங்கிவிடும். மரவேரில் சிக்கும், அணையின் ஓரத்தில் ஒதுங்கும், வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். வெயிலில் காய்ந்து நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, அதன் பிறகு பயணத்தைத் தொடரும். பெருமழைக் காலத்தில் மட்டும் ஆறு தன்னிடம் உள்ள அத்தனையையும் ஒரேயடியாகக் காட்டிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்தபோது பெரியாற்றின் மீதுள்ள மலையாற்றூர்–கோடநாடு பாலம் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில்கள் குவிந்து கிடந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தில் சிக்கியது கண்ணில் பட்டது. சிக்காமல் போனது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கடலில் அது என்ன செய்கிறது? ஆமை பிளாஸ்டிக் கவரைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்குகிறது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். உண்மை அதைவிடக் கொடுமையானது. கடலில் சில வாரம் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரிகளும் படிகின்றன. அவற்றிலிருந்து எழும் ஒரு வகைக் கந்தக வாசனை, கடற்பறவைகளுக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டும் வாசனை. ஆமைகளும் இப்படி ஊறிய பிளாஸ்டிக்கின் வாசனையை உணவின் வாசனையாகவே எடுத்துக்கொள்கின்றன என்று 2020-ல் நடந்த ஒரு சோதனை காட்டியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பசியாற வழிகாட்டிய மூக்கே அவற்றைச் சாவை நோக்கி அழைத்துப்போகிறது. ஆஸ்திரேலியாவில் இறந்த ஆமைகளை ஆராய்ந்தவர்கள் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒரே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை விழுங்கினாலே ஆமை அதனால் சாக 22 சதவீத வாய்ப்பு; 14 துண்டு என்றால் பாதிக்குப் பாதி. குடல் அடைபடுகிறது, வாயு சேர்கிறது, மூழ்கி இரை தேட முடியாமல் ஆமை மேலேயே மிதந்து பட்டினி கிடக்கிறது.

2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு முக்கியக் காரணம் இழுவலைகள். அந்தப் பழியைத் தூக்கி பிளாஸ்டிக் கவர் மேல் போட்டால் தப்பித்துக்கொள்பவர்கள் வேறு. ஆனால், வலைக்குத் தப்பிய ஆமைக்குக் கவரும், கவருக்குத் தப்பிய ஆமைக்கு அறுந்து மிதக்கும் நைலான் வலையும் காத்திருக்கின்றன. 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகாடோபியில் ஒதுங்கிய திமிங்கலத்தின் வயிற்றில் கிட்டத்தட்ட 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் 115 கப்புகள். நம் டீக்கடைகளில் எண்ணாமல் எடுத்துக் கொடுக்கும் அதே மாதிரிக் கப்புகள்.

மீன்களுக்கு வருவோம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேரளக் கடலில் பிடிபட்ட மீன்களையும் இறாலையும் அறுத்துப் பார்த்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடலிலும் செவுளிலும் நுண்பிளாஸ்டிக் அதிகம். நாம் உண்ணும் சதையில் குறைவு, ஆனால் அங்கும் இருந்தது. பெரிய மீனைக் கழுவி, குடலை எடுத்துவிட்டுச் சமைக்கிறோம். நெத்திலியை? அப்படியே முழுசாக உலர்த்திக் கருவாடாக்கி விற்கிறார்கள். அந்தக் கருவாடு கம்பம், போடி, உடுமலைச் சந்தைகளுக்கு வந்து, அங்கிருந்து மலையேறுகிறது. தோட்டத் தொழிலாளர் லயங்களில் மழைக்காலத்துச் சாப்பாட்டுக்கு அதுதான் துணை. மலையிலிருந்து இறங்கிய பிளாஸ்டிக்கில் ஒரு துளியாவது இப்படித் திரும்பவும் மலையேறிச் சட்டிக்கு வருகிறது.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலை நினைவுபடுத்த வேண்டும். அதன் கொள்கலன்களிலிருந்து கொட்டிய பருப்பளவு பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கடற்கரையில் வெண்மணலோடு கலந்து கிடந்தன. கன்னியாகுமரி வரை ஒதுங்கின. அதற்கு நாலு வருடங்களுக்கு முன் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கை பட்ட பாட்டை அப்போது தூரத்திலிருந்து பார்த்தோம். இந்த மணிகள்தான் எல்லாப் பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள். பாட்டிலாகும் முன்பே கடலுக்குப் போகிறது, பாட்டிலான பின்பும் போகிறது.

கடல்வாழ் உயிர்கள் மட்டும்தானா? மூணாறில் படையப்பா என்று ஊரே பெயர் வைத்து அழைக்கும் காட்டு யானை, கல்லாறில் உள்ள ஊராட்சிக் குப்பைக் கிடங்குக்கு வந்து காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்றதைச் செய்திகளில் பார்த்தோம். அதைப் படம்பிடித்து ரசித்தவர்கள் பலர். ரசிக்க அதில் ஒன்றுமில்லை. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்து, பல நாள் சிகிச்சைக்குப் பிறகும் எழாமல் இறந்தது. உடற்கூறாய்வில் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவும், கருப்பையில் 15 மாதக் குட்டியும் இருந்தன. இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் ஒரே ஒரு குப்பைமேட்டை நாடி வந்து, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தன என்று 2022-ல் செய்தி வந்தது. குப்பைமேடு யானையின் வழித்தடத்தில் இருக்கும்வரை மூணாறுக்கும் அந்த நாள் வரலாம். உப்பும் எண்ணெயும் ஒட்டிய கவரின் வாசனை யானைக்கும் சாப்பாட்டு வாசனைதான்.

மனித உடம்புக்கு என்ன கேடு என்பதில் அறிவியல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது; தெரிந்ததை மட்டும் சொல்வது நல்லது. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. இத்தாலியில் தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் கண்டார்கள். அதே நாட்டில், கழுத்துத் தமனியில் அடைப்பு நீக்கிய 257 நோயாளிகளை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் 2024-ல் சொன்னது: அடைப்புக்குள் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை; இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றுதான் காட்டியது. ஆனாலும், என் குழந்தையின் உடம்பில் அது இருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவே போதும். இன்னொன்று: அதே 2024-ல் அமெரிக்காவில் கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரைச் சோதித்தவர்கள் ஒரு லிட்டரில் சராசரியாக 2.4 லட்சம் துகள்களைக் கண்டார்கள். சுத்தமான தண்ணீர் என்று நம்பித்தான் மலைக்கு அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

சந்தேகத்துக்கே இடமில்லாத கேடு ஒன்று உண்டு: எரிப்பது. தென்மேற்குப் பருவமழையில் விறகு நனைந்துவிட்டால், அடுப்புப் பற்றவைக்கக் கையில் கிடைக்கும் கவரைக் கொளுத்துவது மலையில் வழக்கம். குப்பை வண்டி வராத இடத்தில் முற்றத்துக் குவியலுக்குத் தீ வைப்பதும் வழக்கம். பி.வி.சி. கலந்த குப்பை எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு வருகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும், உடம்பின் கொழுப்பில் தங்கும், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பத்து நாட்களுக்கும் மேல் எரிந்தபோது பள்ளிகளை மூடினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. லயத்து அடுப்படியில் தினமும் எரிவதற்குத் தீர்ப்பாயம் கிடையாது. அந்தப் புகையைக் குனிந்து ஊதுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். காலை எட்டு மணிக்கு அவள் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். 2024-ல் வந்த ஒரு சர்வதேச மதிப்பீடு, இந்தியாவில் ஆண்டுக்கு 93 லட்சம் டன் பிளாஸ்டிக் முறையாகக் கையாளப்படாமல் சூழலில் கலப்பதாகவும், அதில் 58 லட்சம் டன் இப்படித் திறந்தவெளியில் எரிக்கப்படுவதாகவும் சொன்னது.

இதற்கெல்லாம் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வாரக் கூலியில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டும் ஐந்து ரூபாய் மசாலா பாக்கெட்டும்தான் வாங்க முடியும். பல அடுக்கு ஒட்டிய அந்தப் பாக்கெட்டைப் பழைய பேப்பர்க்காரர்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். எடைக்குப் போடவும் முடியாத, மக்கவும் மக்காத ஒரு உறையை வடிவமைத்து மலையுச்சிவரை அனுப்பியவர்கள் யார்? உற்பத்தியாளரே திரும்ப எடுக்க வேண்டும் என்ற பொறுப்பு 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. தோட்டத்துக் கடைக்கு ஷாம்பு பாக்கெட் தவறாமல் வந்து சேர்கிறது. காலிப் பாக்கெட்டை எடுக்க அந்தக் கம்பெனி வண்டி வந்து நான் பார்த்ததில்லை.

பாலக்காடு எல்லைக்கு இது பழகிய வழக்கு. சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சி, பிளாச்சிமடை. தமிழ் பேசும் மக்கள் நிறைந்த பகுதி. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் சமைக்கவும் குளிக்கவும் உதவாமல் போனது. ஆலைக் கழிவை உரம் என்று உழவர்களுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் சோதித்தபோது அதில் காட்மியமும் ஈயமும் இருந்தன. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்த எரவாளர் பழங்குடிப் பெண்களில் மயிலம்மா முன்னால் நின்றார். பள்ளிப் படிப்பு இல்லாத அவர், தங்கள் தண்ணீருக்குக் கணக்குக் கேட்டார். ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-ல் அந்த மக்களுக்கு ஏற்பட்ட இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-ல் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். பாட்டிலுக்குள் இருப்பதன் விலையை வாங்கியவர் கொடுக்கிறார். அதைத் தயாரித்ததன் விலையைப் பிளாச்சிமடை கொடுத்தது. காலிப் பாட்டிலின் விலையை ஆறும் கடலும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் கூடியும் பிளாஸ்டிக் ஒப்பந்தம் முடிவாகாமல் போனது உற்பத்தியைக் குறைப்பதா என்ற கேள்வியில்தான். எண்ணெய் வளநாடுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. கேரளம் சரியாக ஓராண்டு கழித்து. இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல். 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் தடையை விரித்தது. இரண்டே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு, தேக்கடி, வாகமண், நெல்லியாம்பதி உள்ளிட்ட மலைத்தலங்களில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலையும் ஒருமுறை பயன்படுத்தும் மற்றப் பிளாஸ்டிக்கையும் நிறுத்தச் சொல்லி, அக்டோபர் 2 என்று நாளும் குறித்தது. ஒரே மலை, இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு பட்டியல்கள். கம்பத்தில் சாதாரணமாக விற்கும் பாட்டில், குமுளி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தடைசெய்யப்பட்ட பொருளாகிறது. கொண்டுவந்தவர் அதை என்ன செய்வார்? சாவடிக்குச் சற்று முன்னாலேயே வீசிவிடுவார். போடிமெட்டிலும் இதுதான் நடக்கும்.

சாவடிகளில் இன்னொரு போக்குவரத்தும் உண்டு. கேரளத்துக் குப்பையை லாரியில் ஏற்றிவந்து தமிழக எல்லைக் கிராமங்களில் கொட்டுவது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிப்போனது. அந்தக் கோபம் நியாயமானது. அதே நியாயத்தோடு, கோடை விடுமுறையில் நம் ஊர்களிலிருந்து கார் காராக மூணாறுக்குப் போய் நாம் விட்டுவருவதையும் பேச வேண்டும். கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாகப் போய் மாதக் கட்டணத்தில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து வாங்குகிறார்கள். உள்ளாட்சிக் குப்பைப் பணியில் தமிழகம் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால், சாலையோரத்தில் பயணிகள் வீசிப்போனதை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது?

இரு மாநிலங்களும் இந்த மலையில் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள், சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், எல்லையின் உச்சியில் இருக்கும் கோயில். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான் திறப்பு. குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து நடந்தும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அதற்கு முன்பே இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசுகிறார்கள். இரு மாநில வனத்துறையும் காவல்துறையும் பொறுப்பைப் பிரித்துக்கொள்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கவருக்கும் அனுமதி இல்லை. வழியில் குடிக்கத் தண்ணீர் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு வழக்கு உச்சமாக நடந்த காலத்திலும் இந்தக் கூட்டம் நடந்தது. ஒரு நாளைக்கு முடிவதை 365 நாளும் செய்ய என்ன தடை?

செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. எல்லையின் இரு பக்கத்துக்கும் ஒரே தடைப் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் இரு பக்கமும் குடிநீர்க் குழாய் வேண்டும். நல்ல தண்ணீர் கிடைத்தால் பாட்டில் தானாகக் குறையும். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரத் தொடங்கியபோது காட்டில் கண்ணாடி குறைந்தது. கேரளம் 2025-ல் மது பாட்டிலுக்கு இருபது ரூபாய் வைப்புத்தொகையைச் சோதனையாகத் தொடங்கியது. இரண்டையும் இணைத்து, தண்ணீர், குளிர்பான பாட்டிலுக்கும் விரித்து, தேனியில் வாங்கியதை மூணாறில் கொடுத்தாலும் காசு கிடைக்கும்படி செய்யலாம். மணக்கடவிலும் அமராவதி அணை வாயிலும் மிதவைத் தடுப்புப் போட்டு, சிக்கும் பிளாஸ்டிக்கை மாதாமாதம் எடைபோட்டு, எந்தக் கம்பெனியின் உறை எத்தனை கிலோ என்று இரு அரசுகளும் சேர்ந்து வெளியிடலாம். எடுத்துச் சேர்க்கும் செலவை அந்தக் கம்பெனிகளிடமே வாங்கலாம். கொல்லம் நீண்டகரையில் 2017 முதல் சுசித்துவ சாகரம் திட்டத்தில் மீனவர்கள் வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்ப வீசாமல் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடைசி முனையில் இருப்பவர் அந்தப் பாரத்தைச் சுமக்கும்போது, முதல் முனையில் இருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் குப்பை தொடர்பான எல்லா அறிவிப்பும் தமிழிலும் வர வேண்டும். சரிவுகளில் சிதறிக் கிடக்கும் லயங்களுக்கு வாரம் ஒருமுறையாவது சேகரிப்பு வண்டி போக வேண்டும். அந்தச் செலவில் தோட்ட நிர்வாகங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு முன் இரு ஆட்சியர்களும் எப்படியும் கூடத்தான் போகிறார்கள். திருவிழாவைப் பேசி முடித்த பிறகு எழுந்துவிடாமல், இந்தக் கோரிக்கைகளையும் அதே மேசையில் எடுத்துப் பேச வேண்டும் என்று குமுளி, மூணாறு, மறையூர் ஊராட்சிகளும், கூடலூர், கம்பம், போடி நகராட்சிகளும் இப்போதே தீர்மானம் போட்டு அனுப்பலாம். கோவை, பாலக்காடு ஆட்சியர்களுக்கு அப்படியொரு கூட்டமே தனியாகத் தேவை. பொள்ளாச்சியும் சித்தூரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.